மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர்: ஒரு லைன் அறுந்தால் மறு லைனுக்கு மாறும் பெட்டி

தென்மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கும் சி.டி. ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பகலில் ரிப்போர்ட் எழுத டாக்டர் நேரில் இருப்பார். இரவில் எடுக்கும் ஸ்கேனைப் பார்த்துச் சொல்பவர் மதுரையில் தன் வீட்டில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட். அவருக்குப் படம் போய்ச் சேர்ந்தால்தான் நோயாளிக்கு அடுத்த வேலை நடக்கும். பக்கவாதம் என்று ஒருவரைத் தூக்கி வந்தால், மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று சி.டி.யில் உறுதி செய்த பிறகுதான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்றே யோசிக்க முடியும். அந்த ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து வழக்கமாக நாலரை மணி நேரம்தான் கெடு. கிராமத்திலிருந்து வண்டி பிடித்து வந்து சேர்வதிலேயே அதில் பாதி போயிருக்கும். மிச்ச நேரத்தில் நெட் வரட்டும் என்று யாரையும் காக்க வைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

அதற்காக நான் தேர்ந்தெடுத்த பெட்டிதான் மைக்ரோடிக் ஹெக்ஸ். மாடல் எண் ஆர்பி750ஜிஆர்3. இரண்டு இன்டர்நெட் லைனை வாங்கிக்கொண்டு, ஒன்று செத்தால் தானாக இன்னொன்றுக்குப் பாதையை மாற்றுவது இங்கே இதன் வேலை. அந்த வேலையை இது எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது, அதற்கு நாம் என்ன செய்து கொடுக்க வேண்டும் என்பதைத்தான் எழுதப்போகிறேன். வேக ஒப்பீடு தேடி வந்தவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது.

பெட்டியைப் பற்றி முதலில். மைக்ரோடிக் லாட்வியா நாட்டின் ரீகா நகரத்துக் கம்பெனி, 1996இல் தொடங்கியது. ஹெக்ஸ் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான் இருக்கும். ஐந்து கிகாபிட் போர்ட், ஒரு யுஎஸ்பி, ஒரு மைக்ரோ எஸ்டி துளை, 880 மெகாஹெர்ட்ஸ் டூயல் கோர் பிராசசர், 256 எம்பி ரேம். வைஃபை கிடையாது. விசிறி கிடையாது, அதனால் சத்தமும் இல்லை. ஐந்து போர்ட்டில் எதை வேண்டுமானாலும் வெளி லைனுக்கு ஒதுக்கலாம். மூன்று லைன் இருந்தாலும் சமாளிக்கும். நான் வாங்கியபோது ஆறாயிரம் ரூபாய்க்குள் வந்தது. இதே விலையில் கடையில் கிடைக்கும் பளபளப்பான வீட்டு ரவுட்டர்களில் ஆன்டெனா நாலைந்து இருக்கும், ஆனால் ‘லைன் செத்துவிட்டது என்பதை எப்படி முடிவு செய்வாய்?’ என்ற கேள்விக்கு இந்த அளவு கட்டுப்பாடு அவற்றில் கிடைப்பது அரிது. எனக்கு வேண்டியது அந்தக் கட்டுப்பாடுதான்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இரண்டு லைன் வாங்கிப் போட்டும் பயனில்லாமல் கிடக்கும் அலுவலகங்களில் பெரும்பாலும் இங்கேதான் கோளாறு.

ஃபைபர் கம்பெனிக்காரர் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியை ஓஎன்டி என்பார்கள். வெளியிலிருந்து ஃபைபர் அதற்குள் வருகிறது; அதிலிருந்து ஒரு சாதாரண லேன் கேபிள் நம் ரவுட்டருக்கு வருகிறது. ரோட்டில் ஜேசிபி தோண்டி ஃபைபர் அறுந்தது என்று வையுங்கள். ஓஎன்டியில் ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னும். ஆனால் ஓஎன்டிக்குக் கரண்ட் இருக்கிறது, லேன் கேபிள் இருக்கிறது, ரவுட்டரின் போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது. ரவுட்டரைப் பொறுத்தவரை லைன் நல்லபடியாக இருக்கிறது! அதனால் அது எங்கேயும் மாறாது. எல்லாப் பொட்டலத்தையும் (நெட்டில் தகவல் போகும் சின்னத் துண்டுகள்) அறுந்த பாதையிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும்.

அடுத்த படி, கேட்வேயை, அதாவது ரவுட்டர் வெளியே போக முதலில் தட்டும் வாசலை, பிங் செய்து (‘இருக்கிறாயா?’ என்று கேட்டு) பார்ப்பது. மைக்ரோடிக்கில் இதற்கு செக்-கேட்வே என்று ஓர் அமைப்பு உண்டு. 10 நொடிக்கு ஒருமுறை கேட்வேயைக் கேட்கும். இரண்டு முறை பதில் வராவிட்டால் அந்த ரூட்டை (பாதையை) ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் இங்கே கேட்வே யார்? அதே ஓஎன்டிதான், 192.168.1.1. அது நம் சுவரிலேயே இருக்கிறது, ஃபைபர் அறுந்தாலும் சந்தோஷமாகப் பதில் சொல்லும். இதோடு நிறுத்திவிட்டு, மாற்றுவழி தயார் என்று நம்பிக்கொண்டிருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹெக்ஸில் ஓடும் மென்பொருளான ரவுட்டர் ஓஎஸ் இதற்குத் தரும் விடை ரிகர்சிவ் ரூட்டிங். முதலில் 8.8.8.8 (கூகுளின் பொது சர்வர்) என்ற ஒரே ஒரு முகவரிக்கு மட்டும், முதல் லைனின் கேட்வே வழியாகப் போ என்று ஒரு ரூட் எழுதுகிறோம். அப்புறம், மொத்த இன்டர்நெட்டுக்கும் கேட்வே 8.8.8.8 என்று இன்னொரு ரூட் எழுதி, செக்-கேட்வேயை அதில் வைக்கிறோம். இப்போது ரவுட்டர் பிங் செய்வது சுவரில் இருக்கும் பெட்டியை இல்லை. ஃபைபர், எக்ஸ்சேஞ்ச், கம்பெனியின் நெட்வொர்க் எல்லாம் தாண்டி வெளியே நிற்கும் ஒரு சர்வரை. நடுவில் எங்கே அறுந்தாலும் பதில் நின்றுவிடும். இரண்டாவது லைனுக்கும் இதே மாதிரி, 1.1.1.1 வைத்து, டிஸ்டன்ஸ் 2 (முன்னுரிமையில் இரண்டாவது) என்று எழுதினால் அடிப்படை முடிந்தது. ஸ்கோப், டார்கெட்-ஸ்கோப் என்ற இரண்டு எண்களைச் சரியாகக் கொடுக்க வேண்டும். ஆறாம் பதிப்புக்கு எழுதிய குறிப்பை ஏழாம் பதிப்பில் அப்படியே ஒட்டினால் ரூட் உயிர் பெறாமல் போகலாம், அதைக் கவனியுங்கள்.

இதில் மூன்று சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு. மூன்றுமே இரவு நேரத்தில் கழுத்தைப் பிடிப்பவை.

ஒன்று, இரண்டு கம்பெனிப் பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு வந்து நிற்கலாம். ஒன்றை 192.168.2.1 என்று மாற்றாமல் மேலே எதுவும் எழுதாதீர்கள்.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிச் சொல்லும் சேவை. 8.8.8.8-க்கான பாதையை முதல் லைனோடு கட்டிப்போட்டிருக்கிறோம் அல்லவா? முதல் லைன் அறுந்தாலும் அந்தக் கட்டு அவிழாது, ஏனென்றால் சுவரில் இருக்கும் ஓஎன்டி உயிரோடுதான் இருக்கிறது. கம்ப்யூட்டர்களில் டிஎன்எஸ் சர்வராகவும் அதே 8.8.8.8 இருந்தால் என்ன ஆகும்? ரவுட்டர் ஒழுங்காக இரண்டாவது லைனுக்குப் போய்விட்டிருக்கும்; ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. பார்ப்பவர் நெட் இல்லை என்றுதான் சொல்வார். பரிசோதிக்க ஒரு முகவரி, டிஎன்எஸ்ஸுக்கு வேறு முகவரி என்று பிரித்துவிடுங்கள். நான் டிஎன்எஸ்ஸுக்கு 9.9.9.9 வைத்திருக்கிறேன். ஃபைபர் கம்பெனி தானாகத் தரும் டிஎன்எஸ்ஸையும் நம்ப வேண்டாம், வேறு கம்பெனி லைனிலிருந்து கேட்டால் அது பதில் தராமல் போகலாம்.

மூன்றாவது, பழைய இணைப்புகளின் பதிவு. ரவுட்டர் ஒவ்வொரு இணைப்பும் எந்த லைனில் போனது என்று நினைவில் வைத்திருக்கும். லைன் மாறிய பிறகும் சில இணைப்புகள், முக்கியமாக இன்டர்நெட் போனும் விபிஎன்னும் (இன்டர்நெட்டுக்குள் போடும் தனிக் குழாய்), பழைய பதிவையே பிடித்துக்கொண்டு முட்டிக்கொண்டிருக்கும். பாதை மாறும் அந்த நொடியில் பழைய பதிவுகளை அழிக்க நெட்வாட்ச் என்ற பகுதியில் ஒரு வரி ஸ்கிரிப்ட் போதும். ரவுட்டர் ஓஎஸ்ஸை நான் மதிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ‘எப்போது’ என்பதையும் ‘அப்போது என்ன’ என்பதையும் நாமே எழுதலாம்.

சரி, வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ரவுட்டரிலிருந்து லேன் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது சோதனையே இல்லை. அப்படிப் பிடுங்கினால் போர்ட் விளக்கு அணையும், எந்த ரவுட்டரும் மாறிவிடும். ரோட்டில் நடப்பதைச் சுவரில் நடத்திப் பார்க்க வேண்டும். ஓஎன்டிக்குப் பின்னால் பச்சை முனையோடு மஞ்சள் ஒயர் ஒன்று நுழைகிறதே, அதுதான் ஃபைபர். அதன் முனையை மெதுவாக இழுத்து எடுத்து, உடனே தூசி மூடியைப் போட்டுவிடுங்கள். கண்ணாடி முனையில் விரல் படக்கூடாது. துளைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது, உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர்.

அதற்கு முன் ஒரு கம்ப்யூட்டரில் பிங் ஓடவிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் சென்டரில் திரையில் இப்படித்தான் இருக்கும்: பதில், பதில், பதில், எல்லாம் பத்துப் பதினைந்து மில்லிநொடியில். ஃபைபரை எடுத்ததும் எல்ஓஎஸ் சிவப்பாகும், ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வரிகள் இறங்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பக்கத்தில் நிற்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் மறுபடி பதில் வரத் தொடங்கும், இந்த முறை நாற்பது, ஐம்பது மில்லிநொடியில். எண் பெரிதானதே 4ஜி லைனுக்கு மாறிவிட்டதற்கு அடையாளம். இடைவெளி இருபது நொடிக்கு முன்னே பின்னே இருக்கும். 10 நொடிக்கு ஒரு கேள்வி, இரண்டு முறை மௌனம் என்ற கணக்குக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

இருபது நொடி அதிகமா? பெரிய தொலைத்தொடர்புக் கம்பெனிகள் நகரத்தைச் சுற்றி வளையமாகக் கேபிள் போட்டு, ஒரு பக்கம் அறுந்தால் எதிர்ப்பக்கம் சுற்றிப் போகும்படி வைத்திருப்பார்கள். அந்த வளையத்துக்கான, ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் ஜி.8032 தரம் குறிவைப்பது 50 மில்லிநொடிக்குள் பாதை மாற வேண்டும் என்று. போனில் பேசிக்கொண்டிருப்பவருக்கு அந்த மாற்றம் தெரியவே தெரியாது. அதோடு வைத்துப் பார்த்தால் இருபது நொடி ரொம்பத்தான். இன்டர்நெட் போனில் பேசிக்கொண்டிருந்தால் அழைப்பு அறுந்துவிடும். ஆனால் எங்கள் வேலைக்கு, ரிப்போர்ட்டுக்காகப் போகும் படத்துக்கு, இருபது நொடி ஒன்றும் செய்யாது. மாறாமலே கிடப்பதுதான் ஆளைக் கொல்லும்.

இன்னொரு சிக்கல் இதற்கு அடுத்து வருகிறது. லைன் மாறினால் வெளியே தெரியும் நம் ஐபி முகவரியும் மாறிவிடும். பாதிப் படம் போய்க்கொண்டிருந்தால், மறுமுனை சர்வர் புது முகவரியிலிருந்து வரும் பொட்டலத்தை யாரோ என்று தள்ளிவிடும். ஸ்கேன் படங்கள் டைகாம் என்ற மருத்துவப் பட முறையில் ஒவ்வொன்றாகப் போகின்றன. நடுவில் இணைப்பு உடைந்தால் அந்த வரிசை ‘தோல்வி’ என்று நின்றுவிடும். திரும்ப அனுப்பு பட்டனை அமுக்க அந்த நேரத்தில் ஆள் இருக்க வேண்டும். இரவு ஒன்றரை மணிக்கு டெக்னீஷியன் நோயாளியை மேசையிலிருந்து இறக்கிக்கொண்டிருப்பாரா, இதைப் பார்த்துக்கொண்டிருப்பாரா?

இதற்கு ஏழாம் பதிப்பு ரவுட்டர் ஓஎஸ்ஸோடு வந்த வயர்கார்ட் விபிஎன் கைகொடுக்கிறது. மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்கு ஒரு சின்ன கிளவுட் சர்வர் எடுத்து, ஹெக்ஸிலிருந்து அதுவரை ஒரு வயர்கார்ட் குழாய் போட்டிருக்கிறேன். படங்கள் எல்லாம் குழாய்க்குள் போகின்றன. வெளி முகவரி மாறினால் வயர்கார்ட் கவலைப்படுவதில்லை. சாவி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் புது முகவரிக்குப் பதில் அனுப்பத் தொடங்கிவிடும். உள்ளே இருக்கும் முகவரி மாறவே இல்லை என்பதால் டைகாம் இணைப்பு உடைவதில்லை. இருபது நொடி அசையாமல் நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். திரையில் அந்தப் படங்களின் எண்ணிக்கை 143இல் நின்று, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 144, 145 என்று நகர்ந்ததை முதல்முறை கண்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி சாதாரணமானதில்லை.

4ஜி லைனில் நமக்கென்று தனிப் பொது ஐபி கிடைக்காது, பலரையும் ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து உள்ளே அழைப்பு வர முடியாது. குழாயை நாம் உள்ளிருந்து வெளியே போடுவதால் இதுவும் தடையாக இல்லை. பர்சிஸ்டென்ட் கீப்அலைவ் (குழாயில் அவ்வப்போது அனுப்பும் சின்னச் செய்தி) 25 நொடி என்று வைத்துவிட்டால் குழாய் மூடாமல் இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வயர்கார்டின் வழக்கமான எம்டியு (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1420 பைட். மொபைல் நெட்வொர்க்கில் அது சில சமயம் பெரிதாகிவிடும். அறிகுறி விசித்திரமாக இருக்கும். பிங் போகும், சின்னப் பக்கம் திறக்கும், பெரிய படம் மட்டும் அப்படியே சிக்கி நிற்கும். நான் 1360 வைத்திருக்கிறேன், தொல்லை இல்லை.

மாற்று லைனின் வேகத்தைப் பற்றியும் கணக்கோடு யோசிக்க வேண்டும். ஒரு சி.டி. ஸ்லைஸ் 512-க்கு 512 புள்ளி, ஒரு புள்ளிக்கு 2 பைட். ஆக ஒரு படம் அரை எம்பி. மெல்லிய ஸ்லைஸாக 200 படம் என்றால் 100 எம்பி. 4ஜியில் அப்லோடு 4 எம்பிபிஎஸ் கிடைத்தால் மூன்றரை நிமிடத்துக்குள் போய்விடும். அது போதும். ஆனால் அதே நேரத்தில் சிசிடிவி கேமரா கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், விண்டோஸ் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தால், காத்திருப்பவர்கள் கெஸ்ட் வைஃபையில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றரை நிமிடம் அரை மணி நேரமாகும். அதனால் ஹெக்ஸில் ஃபயர்வால் விதி ஒன்று போட்டேன்: இரண்டாவது லைன் வழியாக வயர்கார்டும் ரிசப்ஷன் போனும் சோதனைப் பிங்கும் தவிர வேறு எதுவும் வெளியே போகக்கூடாது. அறுந்த நேரத்தில் நெட் எல்லாருக்கும் இருக்காது, ஸ்கேனுக்கு இருக்கும். இதை முன்கூட்டியே டாக்டரிடமும் ஊழியர்களிடமும் சொல்லி வைத்தேன். யாரும் மறுக்கவில்லை.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெட்டி பாதையைத் தேர்ந்தெடுக்கும், உருவாக்காது. இரண்டு கம்பெனிக்குப் பணம் கட்டுகிறோம் என்பதால் இரண்டு பாதை இருக்கிறது என்று ஆகிவிடாது. எங்கள் தெருவில் நான் செய்தது ஒரு எளிய வேலை. ஓஎன்டியிலிருந்து வெளியே போகும் ஒயரைப் பின்தொடர்ந்து, கம்பம் கம்பமாக, மெயின் ரோடு வரை நடந்து பார்த்தேன். அப்போது எங்களிடம் இரண்டு ஃபைபர் இருந்தது, இரண்டு வேறு கம்பெனி. இரண்டு கருப்பு ஒயரும் ஒரே ஈபி கம்பத்தில் ஏறி, ஒரே பாலத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, ஒரே மூலையில் திரும்பின. ஒரு லாரி அந்தக் கம்பத்தில் மோதினால் இரண்டும் போகும். அதைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது ஃபைபரை நிறுத்திவிட்டு, 4ஜி சிம் போடும் பெட்டி ஒன்றை மாடியில் வைத்து, அதிலிருந்து லேன் கேபிள் இறக்கினேன்.

சிம்மையும் ஃபைபர் கொடுக்கும் கம்பெனியிடமே வாங்காதீர்கள். டவருக்கும் சிக்னல் வானத்திலிருந்து வருவதில்லை; அதன் காலடிக்கும் பெரும்பாலும் ஒரு ஃபைபர்தான் வருகிறது. அந்தக் கம்பெனியின் கேபிள் நெடுஞ்சாலையில் அறுந்தால் உங்கள் வீட்டு ஃபைபரும் டவரும் ஒன்றாகவே செத்துப்போகலாம்.

உலக அளவிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடியில் இரண்டு கேபிள்கள் பழுதாயின; ஒன்று சீ-மீ-வீ 4, இன்னொன்று ஃபிளாக். இரண்டும் தனித்தனிக் கேபிள், தனித்தனி உரிமையாளர்கள். ஆனால் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் இரண்டும் மத்தியதரைக் கடலில் ஒரே வழியில்தான் போயின. இந்தியாவில் இன்டர்நெட் தடுமாறியது. கிழக்கே பசிபிக் பக்கம் பாதை வைத்திருந்த கம்பெனிகள் போக்குவரத்தை அந்தப் பக்கம் திருப்பிச் சமாளித்தன. சீ-மீ-வீ 4 சென்னையிலும் கரையேறுகிறது, அதனால் இது நமக்குத் தூரத்துச் செய்தியும் இல்லை. எதிர்த்திசையில் ஒரு பாதை இருந்தவர்கள் தப்பித்தார்கள். எங்கள் தெருக் கம்பத்துக்கும் அந்தக் கடலுக்கும் அளவுதான் வித்தியாசம்.

மீண்டும் முதல் லைனுக்குத் திரும்புவது பற்றி. செக்-கேட்வே ஒரே ஒரு பதில் வந்தாலும் லைன் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடும். அறுந்த ஃபைபரை ஒட்டும்போது இது சரிப்படாது. ஒட்டும் வேலையை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? எங்கள் பகுதி லைன்மேன் தம்பி ஒருவர் ஓடிடிஆர் கருவியை மாட்டி ஒளித் துடிப்பை அனுப்புவார். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மைக்ரோநொடி ஆகும். சிதறித் திரும்பும் ஒளியின் நேரத்தை வைத்து அறுந்த இடத்தின் தூரத்தைக் கருவி சொல்லும். “அண்ணே, ஒண்ணே முக்கால்ல கட் காட்டுது. கம்பத்துல லூப் சுத்தி வெச்சிருக்கோம்ல, ரோட்டுல பார்த்தா ஒன்றரைதான் வரும்” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுப்பார். அந்த லூப் கணக்கு எந்தக் கருவியிலும் இல்லை, அவர் தலையில் இருக்கிறது. போய், மழையோ வெயிலோ, ரோட்டோரம் உட்கார்ந்து நீலத்துக்கு நீலம், ஆரஞ்சுக்கு ஆரஞ்சு என்று முடி போன்ற மெல்லிய இழைகளை ஒவ்வொன்றாகச் சீவி, துடைத்து, ஒட்டுவார். ஆட்டோமேட்டிக் பெட்டிகளைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். உண்மையில் பாதையை மீட்பவர் அவர்தான், ஹெக்ஸ் அவர் வரும்வரை தாங்குகிறது.

அந்த வேலை நடக்கும்போது வெளிச்சம் வரும், போகும், மறுபடி வரும். ரவுட்டரும் கூடவே இங்குமங்கும் தாவினால் படம் அனுப்ப முடியாது. அதனால் திரும்பும் முடிவை நெட்வாட்ச்சுக்குக் கொடுத்தேன். ஏழாம் பதிப்பில் நெட்வாட்ச் வெறும் இருக்கா இல்லையா என்பதோடு நில்லாமல் எத்தனை சதவீதம் பொட்டலம் தொலைகிறது, எவ்வளவு தாமதம் என்பதையும் பார்க்கும். முதல் லைன் தொடர்ந்து ஐந்து நிமிடம் சுத்தமாக இருந்தால் மட்டும் திரும்பு என்று எழுதிவிட்டேன். முழுதாகச் சாகாமல் பாதி பொட்டலத்தைத் தின்றுகொண்டிருக்கும் லைனையும் இதே வழியில் ஒதுக்க முடிகிறது. என் கணக்கில் அந்த அரைகுறை லைன், செத்த லைனைவிட ஆபத்தானது.

கரண்டை மறந்துவிடக் கூடாது. ஹெக்ஸ் 8 வோல்ட்டிலிருந்து 30 வோல்ட் வரை எந்த டிசி கரண்டையும் ஏற்றுக்கொள்ளும், தனியாக எதுவும் மாட்டாதபோது ஐந்து வாட் அளவுதான் தின்னும். ஓஎன்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட். ஆக, 12 வோல்ட் மினி யுபிஎஸ்கள் இரண்டு வாங்கினால் மூன்று பெட்டிகளையும் நெடுநேரம் ஓட்டலாம். ஸ்கேன் மிஷினுக்குப் பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது என்று இதை விட்டுவிடாதீர்கள். ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடியில் ஓஎன்டி அணைந்து எழுந்தால், அது மறுபடி லைன் பிடிக்க இரண்டு நிமிடம் போகும்.

பாதுகாப்பு விஷயத்தில் மைக்ரோடிக் வாங்குபவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். 2018இல் வின்பாக்ஸ் என்ற அதன் நிர்வாக மென்பொருளின் ஓட்டை வழியாக உலகம் முழுவதும் ஏராளமான மைக்ரோடிக் ரவுட்டர்கள் கைப்பற்றப்பட்டன. கம்பெனி திருத்தத்தை ஏப்ரலிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வெளி லைன் பக்கமிருந்து வின்பாக்ஸ், வெப், டெல்நெட் எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். நோயாளிகளின் படம் போகும் பெட்டி இது.

யாருக்கு இது வேண்டாம்? ரவுட்டர் ஓஎஸ்ஸின் திரை முதல்முறை பார்ப்பவரை மிரட்டும். மெனுவுக்குள் மெனு, ஒவ்வொன்றிலும் இருபது கட்டம், ஆவணம் முழுக்க ஆங்கிலம். ரூட், நாட், கேட்வே என்ற சொற்கள் கையில் பழகியவருக்கு ஒரு வார இறுதி போதும். பழகாதவர், கடையில் யாரோ செட் செய்து கொடுத்ததை வைத்துக்கொண்டு நம்பி இருக்கக்கூடாது. ஏனென்றால் இரவில் அவருக்கு உதவ யாரும் இருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு டிபி-லிங்க் ஈஆர்605 மாதிரி பல வான் (வெளி லைன்) போர்ட் உள்ள ரவுட்டர் பொருத்தம். பிரவுசரில் திறந்து, முதன்மை லைன் எது, மாற்று லைன் எது, எந்த முகவரியைப் பிங் செய்து பார்க்க வேண்டும் என்று கட்டங்களை நிரப்பினால் முடிந்தது. ஸ்கிரிப்ட் எழுதும் சுதந்திரம் அவ்வளவு இராது, ஒரு துணிக்கடைக்கோ டியூஷன் சென்டருக்கோ அது தேவையும் இல்லை. வீட்டில் ஒரு லைன் மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டுமே வேண்டாம். போன் ஹாட்ஸ்பாட் போதும்.

இப்போது புதிதாக வாங்குபவர்கள் 2024இல் வந்த ஹெக்ஸ் புதுப்பதிப்பைக் கேட்டு வாங்குங்கள், மாடல் இ50யுஜி. ரேம் 512 எம்பி, பிராசசர் 950 மெகாஹெர்ட்ஸ், உள் சேமிப்பு 16 எம்பியிலிருந்து 128 எம்பி ஆகியிருக்கிறது. பழையதில் அந்த 16 எம்பி நெருக்கடி ஏழாம் பதிப்பை அப்டேட் செய்யும்போது தெரியும். முடிந்தால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றை ஓடவிட்டு, அதன் எக்ஸ்போர்ட் கோப்பை (அமைப்புகளின் நகல்) இன்னொன்றில் ஏற்றி, போர்ட் எண்களைக் கேபிள்களில் ஒட்டி, அலமாரியில் வைத்துவிடலாம். எங்கள் நைட் டெக்னீஷியனுக்கு ரூட்டிங் தெரியாது, ஆனால் 1, 2, 3 என்று ஒட்டியிருக்கும் கேபிளை அதே எண் உள்ள துளையில் மாற்றிக் குத்த அவரால் முடியும். செய்து பார்த்து வைத்திருக்கிறார்.